குதிரைத்திறனுக்கு முன் எடை: பந்தயக் கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். 450 டன் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய தேர், வடம் பிடிக்க ஆள் இருந்தால் நேரான ரத வீதியில் நகர்ந்துவிடும். ஆள் கூடக் கூட வேகமும் கூடும். வீதி முக்கு வந்ததும் கதை மாறிவிடுகிறது. அங்கே வடத்தைப் பிடிக்க இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும் பெரிய பயன் இல்லை. சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்களின் கைப்பக்குவம்தான் தேரைத் திருப்புகிறது, நிறுத்துகிறது. இழுக்கிற பலம் நேர் வீதிக்கு உதவும். எடையோ கிளம்பும்போதும் திரும்பும்போதும் நிற்கும்போதும் கூடவே வரும்.

பந்தயக் காரிலும் இதேதான். பாளையங்கோட்டைப் பக்கம் பொறியியல் மாணவர்கள் போட்டிக்காகக் கட்டும் ஒற்றை இருக்கைக் கார்களுக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் ஒரே கேள்விதான் வரும்: “அண்ணே, என்ன எஞ்சின் போடலாம்?” கார் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று இதுவரை யாரும் முதல் கேள்வியாகக் கேட்டதில்லை. அது எனக்குப் பெரிய ஆதங்கம். நம்மூர் அணிகளிடம் காசு குறைவு. குதிரைத்திறனைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எடையில் முதல் முப்பது, நாற்பது கிலோவைப் பொறுமையாலும் ஸ்பேனராலும் குறைத்துவிடலாம். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

வேலை தொடங்கும் முன், கணக்கு

இரண்டு கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓட்டுநரோடு 300 கிலோ, 40 குதிரைத்திறன். மற்றொன்று 450 கிலோ, 60 குதிரைத்திறன். இரண்டிலும் ஒரு குதிரைத்திறனுக்கு 7.5 கிலோதான். காகிதத்தில் இரண்டும் நேர்பாதையில் சமமாக முடுக்கும். அப்படியானால் கனமான காருக்கு என்ன நஷ்டம்?

பிரேக்கில் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 300 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 116 கிலோஜூல். 450 கிலோ காருக்குச் சுமார் 174 கிலோஜூல். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவ்வளவையும் பிரேக் டிஸ்க்குகள் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். சில சுற்றுகளில் டிஸ்க் கொதித்து, பெடல் மென்மையாகிவிடும். அதைச் சமாளிக்கப் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பர் போட்டால் எடை இன்னும் ஏறும்.

அடுத்து வளைவு. பள்ளிக்கூட இயற்பியல்படி எடை கூடினால் டயரின் பிடியும் அதே அளவு கூட வேண்டும், இரண்டும் கழிந்துபோக வேண்டும். ஆனால் ரப்பர் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. டயர் மேல் சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடுகிறது. அதனால் ஒரே டயரில் லேசான கார் வளைவை அதிக வேகத்தில் எடுக்கும். இறக்கை வைத்த கார் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. காற்று கீழே அழுத்தும் விசை காரின் எடையைப் பார்ப்பதில்லை, வேகத்தைத்தான் பார்க்கிறது. அதே இறக்கை லேசான காருக்கு விகிதத்தில் அதிகப் பிடியைக் கொடுக்கும்.

வளைவை விட்டு வெளியே வரும் வேகம்தான் அடுத்த நேர்பாதையின் தொடக்க வேகம். அங்கே மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூடுதலாக வந்தவனுக்கு நேர்பாதையின் பெரும்பகுதியிலும் அந்த ஆதாயம் கூடவே இருக்கும். வளைவில் சம்பாதித்ததை நேர்பாதையில் செலவழிக்கிறான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இன்னொன்று, குதிரைத்திறன் தனியாக வராது. கல்யாணத்துக்கு ஆள் கூடினால் இலை, சோறு, பந்தல், பாத்திரம் எல்லாம் கூடுகிற மாதிரி, பெரிய எஞ்சினோடு பெரிய ரேடியேட்டர், தடித்த ஆக்சில், அதிகப் பெட்ரோல், அதைத் தாங்கத் தடித்த சேசிஸ் எல்லாம் சேர்ந்து வரும். எடையைக் குறைத்தால் இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடும். 300 கிலோவை 270 ஆக்கினால் உங்கள் 40 குதிரைத்திறன் 44 மாதிரி வேலை செய்யும். எஞ்சினில் ஒரு நட்டைக் கூடத் தொட வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால், குதிரைத்திறன் ஜெயிக்கும் இடமும் உண்டு. உச்ச வேகத்தில் காரைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான், எடைக்கு அங்கே வேலை மிகக் குறைவு. நீண்ட நேர்பாதைகள் உள்ள பாதையில் சக்தி பேசும். ஆனால் அங்கேயும் விலை அதிகம். காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், சக்தியை இரட்டிப்பாக்கினாலும் உச்ச வேகம் 26 சதவீதம்தான் கூடும்.

மாணவர் போட்டிகளில் முடுக்கச் சோதனையே 75 மீட்டர்தான். மற்றவை எட்டு வடிவச் சுற்றும், கூம்பு வைத்த நெருக்கமான வளைவுகளும். பெட்ரோல் எஞ்சினுக்கு 710 சிசி உச்சவரம்பு. அதோடு, எஞ்சினுக்குக் காற்று உள்ளே போகும் வழியை 20 மில்லிமீட்டர் துளையாக ஒடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆக, பெரிய எஞ்சின் போட்டாலும் அது மூச்சு விட முடியாது. ஆனால் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை. இதைப் படித்த பிறகும் எஞ்சின் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெரிய பந்தயங்களில் இது பலமுறை நிரூபணமான விஷயம். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க எடைக்குறைப்பு என்ற இந்த ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டவர். 1962இல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டத்தை விட்டுவிட்டு, தகட்டால் ஆன கூட்டையே உடம்பாக வைத்தது. எடை குறைந்தது, திடமும் கூடியது. அந்தக் காரில் ஜிம் கிளார்க் 1963இல் பத்துப் பந்தயங்களில் ஏழு பந்தயங்களை வென்று ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனார். 2012 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டெல்டாவிங் என்ற விநோத வடிவக் கார் ஓடியது. ஏறத்தாழ 475 கிலோ, சுமார் 300 குதிரைத்திறன். அதோடு ஓடிய எல்எம்பி2 என்ற வகுப்புக் கார்களின் குறைந்தபட்ச எடை 900 கிலோ. பாதி எடையோடு அவற்றின் வேகத்தை ஒட்டியே ஓடியது. வேறொரு கார் இடித்துச் சுவரில் மோதியதால் முடிக்க முடியவில்லை, அது வேறு கதை.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, நான்கு பேர் உட்காரும் உடம்பை விட்டுவிட்டு, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். குடும்பத்தோடு குற்றாலம் போகிற அதே எஞ்சின்தான். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரில் பந்தயத்தைத் தொடங்கியவர்தான் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன்.

படி 1: எடை போடுங்கள்

தெரியாத எடையைக் குறைக்க முடியாது. பைபாஸில் இருக்கும் லாரி எடை மேடை இதற்கு உதவாது. அது 5 கிலோ, 10 கிலோ படிகளில்தான் காட்டும். நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு மாதிரி நான்கு வேண்டும், சக்கரத்துக்கு ஒன்று. வாடகைக்குக் கேட்டால் கிடைக்கும். நான்கையும் ஒரே மட்டத்தில் வைக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டம் போதும். ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்த நிலையில் நான்கு எண்களையும் எழுதுங்கள்.

முன் இடதும் பின் வலதும் சேர்ந்தால் மொத்தத்தில் பாதி வர வேண்டும். வரவில்லை என்றால் கார் ஒரு பக்க வளைவில் ஒரு மாதிரியும், மறுபக்க வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். ஸ்பிரிங் உயரத்தைச் சரிசெய்து இதைத் திருத்தலாம்.

குறைந்தபட்ச எடை உள்ள பந்தயத்தில் ஓடுகிறவர்கள் தராசை இரண்டு முறை பார்க்க வேண்டும். 2024 பெல்ஜியம் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸல் முதலாவதாக வந்தார். எடை எல்லை 798 கிலோ. அவர் காரில் மிச்சமிருந்த பெட்ரோலை இறக்கிய பிறகு நிறுத்தபோது 796.5. ஒன்றரை கிலோவுக்காக வெற்றி போனது. அந்த விளையாட்டில் எடை எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 10 கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி போகும் என்பது அங்கே எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

படி 2: எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாக் கிலோவும் ஒன்றல்ல. மூன்று இடங்களில் இருக்கும் எடை மற்றதைவிடக் கேடு.

முதலாவது, சக்கரம். ரிம்மிலும் டயரிலும் இருக்கும் எடை முன்னே நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். சக்கர விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, முடுக்கும்போது இரண்டு கிலோ மாதிரி இழுக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளாமல் இருக்கவும் அது லேசாக இருக்க வேண்டும். அதனால்தான் பல மாணவர் அணிகள் 13 அங்குலச் சக்கரத்தை விட்டு 10 அங்குலத்துக்கு வந்தன.

இரண்டாவது, உயரம். 300 கிலோ கார், எடை மையம் தரையிலிருந்து 300 மில்லிமீட்டர், இடது, வலது சக்கரங்களுக்கு இடைவெளி 1200 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு ஜி அளவுக்கு, அதாவது பக்கவாட்டு விசை காரின் எடைக்குச் சமமாகும்படி, வளைந்தால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து 75 கிலோ வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். மையத்தை 250 மில்லிமீட்டருக்கு இறக்கினால் 62.5 கிலோதான் போகும். மேலே சொன்ன ரப்பர் கணக்குப்படி, நான்கு டயரும் சுமையைப் பகிர்ந்துகொண்டால்தான் மொத்தப் பிடி அதிகம்.

மூன்றாவது, இரண்டு ஓரங்கள். சிலம்பக் கம்பின் இரு நுனியிலும் ஈரத்துணி கட்டிச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் அதே துணியை நடுவில் கட்டிச் சுற்றுங்கள். கை சொல்லிவிடும். திரும்புவதற்கு எதிரான தடை, தூரத்தின் வர்க்கத்தில் கூடும். 5 கிலோ பொருளை மையத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளி வைப்பதற்கும் 0.3 மீட்டரில் வைப்பதற்கும் பதினாறு மடங்கு வித்தியாசம். பேட்டரியை மூக்கில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

படி 3: இலவசக் கிலோக்கள்

ஒரு தார்ப்பாய் விரித்து, காரை முழுக்கப் பிரித்து வையுங்கள். மளிகைக்கடைத் தராசு ஒன்றும் ஒரு நோட்டும் போதும். ஒவ்வொரு பொருளையும் நிறுத்து, அது என்ன வேலை செய்கிறது, அந்த வேலையைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று செய்யுமா என்று எழுதுங்கள். மாணவர்களுக்கு இது சலிப்பான வேலை. நாகர்கோவில் போகும் வழியில் தெரியும் மகேந்திரகிரியைக் காட்டித்தான் நான் அவர்களை உட்கார வைப்பேன். அங்கே இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. ராக்கெட்டின் கடைசி அடுக்கில் ஒரு கிலோ குறைத்தால் செயற்கைக்கோளுக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கிடைக்கும். அவர்கள் கிராம் கணக்குப் பார்க்கும்போது நாம் பார்க்கக் கூடாதா?

நான் உதவிய முதல் காரில் தரைத்தகடு 2 மில்லிமீட்டர் இரும்பு. சுமார் 1.2 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 19 கிலோ! மிதித்தால் வளையக் கூடாது என்று யாரோ போட்டது. ஓட்டுநர் அந்தத் தகட்டை மிதிப்பதே இல்லை. 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 5 கிலோவுக்குள் வேலையை முடித்தது. ஒரே மாற்றத்தில் 14 கிலோ. அந்த அணி அதுவரை இரண்டு குதிரைத்திறனுக்காகச் சைலன்சரை மாற்ற அலைந்துகொண்டிருந்தது.

மற்றவை சின்னச் சின்னதாகச் சேரும். பைக்கின் ஈய பேட்டரி சுமார் 3 கிலோ, அதற்குப் பதில் லித்தியம் பேட்டரி ஒரு கிலோவுக்குள் வரும். பைக்கிலிருந்து எடுத்த வயரிங்கில் இண்டிகேட்டருக்கும் ஹாரனுக்கும் போகிற வயர்கள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நட்டைத் தாண்டி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகள் இருக்கும். இருநூறு போல்ட்டில் ஐந்து கிராம் வீதம் குறைந்தால் ஒரு கிலோ. இரண்டு, மூன்று இழைகள் வெளியே தெரிந்தால் போதும்.

படி 4: திரும்ப வடிவமையுங்கள்

இங்கே மூளை வேலை. கனமான பொருளை லேசான உலோகத்துக்கு மாற்றுவதுதான் எடைக்குறைப்பு என்று நினைக்கிறார்கள். எடைக்கு ஏற்ற விறைப்பில் இரும்பும் அலுமினியமும் ஏறக்குறைய சமம்தான். வடிவத்தை மாற்றுவதில்தான் லாபம் இருக்கிறது. மூங்கில் ஏன் அவ்வளவு லேசாக, அவ்வளவு திடமாக இருக்கிறது? உள்ளே வெற்றிடம், ஓரத்தில் பொருள்.

25 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்குச் சுமார் 1.39 கிலோ. 32 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் தடிமன் குழாய் மீட்டருக்கு 1.2 கிலோ. எடை குறைவு, ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது பட்டறை வெல்டர் சொன்னதையும் கேளுங்கள்: “தம்பி, கணக்கு சரிதான். ஆனா சுவர் மெலிசு, ஆம்பியரைக் கூட்டினா ஓட்டை விழுந்துரும்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. மெல்லிய குழாய்க்கு டிக் வெல்டிங்கும் நல்ல கையும் வேண்டும். முக்கோணமாகக் கட்டுங்கள். ஒவ்வொரு விசையும் குழாயின் நீளவாக்கில் போய், குழாய்கள் சேரும் முடிச்சில் சேர வேண்டும். குழாயின் நடுவில் சஸ்பென்ஷனை மாட்டினால் எவ்வளவு தடித்த குழாயும் போதாது.

மேல்மூடிக்கு ஃபைபர் போடுகிறவர்கள் உவரி, இடிந்தகரைப் பக்கம் போய் ஃபைபர் படகு வேலை செய்கிறவர்களிடம் ஒரு நாள் நின்று பாருங்கள். ரோலரை எப்படி உருட்டி காற்றையும் அதிகப்படி ரெசினையும் வெளியேற்றுகிறார்கள் என்பதைப் புத்தகத்தில் கற்க முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும். படகு அலையைத் தாங்க வேண்டும், கல்லில் இழுபட வேண்டும், அதனால் தடிமன் தேவை. உங்கள் மூடி காற்றை மட்டும் தாங்கினால் போதும். துண்டு இழைகளை ஒட்டிச் செய்த வெட்டிழைப் பாய், தன் கண்ணாடி இழையின் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ரெசின் குடிக்கும். நெய்த துணியில் ஏறத்தாழ சரிக்குச் சரி. துணியை எடுங்கள்.

கார்பன் ஃபைபர் பற்றிக் கேட்பார்கள். 1981இல் மெக்லாரன் அணியின் எம்பி4/1 கார் முதன்முதலாகக் கார்பன் உடம்போடு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது அது நொறுங்கிவிடும் என்று பலர் பயந்தார்கள். அந்த வருடமே மோன்சாவில் ஜான் வாட்சன் பயங்கரமாக மோதி, காயமில்லாமல் இறங்கி நடந்தார். லேசானது பலவீனமானது என்ற எண்ணம் அதோடு போனது. ஆனால் முதல் வருட அணிக்கு அது வேண்டாம். பத்தமடையில் கோரையை மெலிதாகக் கிழிக்கக் கிழிக்கப் பாயின் விலை ஏறுகிற மாதிரி, கடைசிக் கிலோக்களின் விலை மிக அதிகம். முதலில் இரும்புத் தகட்டைக் கழற்றுங்கள்.

படி 5: கை வைக்கக் கூடாத இடங்கள்

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க மேலே இருக்கும் ரோல் ஹூப் வளையம், ஓட்டுநரைக் கட்டிப்பிடிக்கும் ஹார்னஸ் பெல்ட்டும் அதன் போல்ட்டுகளும், இருக்கைத் தாங்கிகள், பிரேக் பெடல், ஸ்டீயரிங் இணைப்புகள், தீத்தடுப்புச் சுவர், செயின் கவசம். இவற்றில் துளை போடாதீர்கள், தடிமனைக் குறைக்காதீர்கள். விதிப்புத்தகம் சொல்லும் அளவை அப்படியே போடுங்கள். துளை போட்டு லேசாக்கிய பிரேக் பெடல் மடங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மைதானத்தில், மெதுவான வேகத்தில் நடந்ததால் பையன் தப்பித்தான். அந்தத் துளைகளால் மிச்சமான எடை நாற்பது கிராம்தான்.

ரோட்டில் ஓடும் உங்கள் சொந்தக் காரிலும் பைக்கிலும் இதையெல்லாம் செய்யாதீர்கள். நாலுவழிச் சாலை பந்தயப் பாதை இல்லை.

படி 6: ஓட்டுநரும் பெட்ரோலும்

300 கிலோ காரில் ஓட்டுநரே நான்கில் ஒரு பங்கு. அதற்காக யாரையும் பட்டினி போடாதீர்கள். ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநர்கள் ஆபத்தான அளவுக்கு மெலிந்ததால்தான், 2019இல் ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்து 80 கிலோ என்று தனிக் கணக்கு வைத்தார்கள். பசித்த ஓட்டுநர் பத்தாவது சுற்றில் கூம்பை இடிப்பார்.

பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. மாணவர் போட்டியின் 22 கிலோமீட்டர் நீள ஓட்டத்துக்கு எவ்வளவு தேவை என்று முன்பே அளந்து, கொஞ்சம் கூடுதலாக மட்டும் ஊற்றுங்கள்.

படி 7: லேசான காரைத் திரும்பச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 40 கிலோ குறைத்த காரில் பழைய ஸ்பிரிங்கே இருந்தால், அது இப்போது அந்தக் காருக்கு அளவுக்கு மீறி விறைப்பு. கார் துள்ளும், பிடி குறையும், எடையைக் குறைத்தது தப்போ என்று தோன்றும். ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். பிரேக் முன்னுக்கும் பின்னுக்கும் பிரியும் விகிதத்தைத் திரும்பப் பாருங்கள். டயரின் சூட்டையும் கவனியுங்கள். லேசான கார் டயரை மெதுவாகத்தான் சூடாக்கும், முதல் சுற்றில் வழுக்கும். மென்மையான ரப்பர் கலவைக்கு மாற வேண்டி வரலாம். நான்கு தராசையும் திரும்ப எடுத்துவந்து முதல் படியைச் செய்யுங்கள்.

படி 8: கடிகாரத்தில் பாருங்கள்

அனுமதி வாங்கிய கல்லூரி மைதானத்தில் கூம்பு வைத்து ஒரு பாதை அமையுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று பகலில் அடித்து நேரத்தைக் கெடுக்கும், விடியற்காலையில் போங்கள். ஒரே ஓட்டுநர், ஒரே டயர் அழுத்தம். ஐந்து சுற்று ஓட்டி நேரம் எழுதுங்கள். அப்புறம் 20 கிலோ மணல் மூட்டையை எடை மையத்துக்குப் பக்கத்தில் இறுகக் கட்டி ஐந்து சுற்று. பிறகு மூட்டையை இறக்கி இன்னும் ஐந்து. மூன்றாவது தொகுதி முதலாவதோடு ஒத்துப்போனால்தான் அந்தச் சோதனையை நம்பலாம். உங்கள் காரில் ஒரு கிலோவுக்கு எத்தனை வினாடி என்ற எண் அப்போது கிடைக்கும். அடுத்த வருடம் எதை வாங்குவது என்று அணி உட்கார்ந்து பேசும்போது அந்த எண்ணை நடுவில் வையுங்கள்.

ஒரு சீசன் முடிந்ததும் காரைக் கழுவி, திரும்பத் தராசில் ஏற்றுங்கள். இடையில் அவசரத்துக்கு வைத்த பட்டைகள், இரண்டாவது கோட் பெயிண்ட், உடைந்த இடத்தில் போட்ட ஒட்டு என்று எப்படியும் சில கிலோ திரும்ப ஏறியிருக்கும். நோட்டை எடுத்து, எது எந்த நாளில் ஏறியது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடியுங்கள்.